நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு எழுதுவது எப்படி: புது பேண்டுகளுக்கு

கவர் பாட்டு, அதாவது அடுத்தவர் பாட்டு, வாசித்து வாசித்துக் கை பழகியாகிவிட்டது, கல்ச்சுரல்ஸ் மேடையும் நாலைந்து ஏறியாகிவிட்டது, இனி சொந்தமாக ஒரு பாட்டு போடலாம் என்று உட்காரும்போதுதான் எல்லா பேண்டிலும் அந்த அமைதி வரும். ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். டிரம்மர் மட்டும் ஹை-ஹேட்டைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பார். கவர் வாசிக்கும்போது எது சரி, எது தப்பு என்பதை ஒரிஜினல் பாட்டே சொல்லிவிடும். சொந்தப் பாட்டுக்கு அப்படிச் சொல்ல யாரும் கிடையாது.

நான் ஒரு சின்ன பேண்டில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன். நாங்கள் முடித்த பாட்டுகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், பாதியில் கிடப்பவை போன் முழுக்க இருக்கின்றன. அந்தப் பாதிப் பாட்டுகளிடம்தான் அதிகம் கற்றேன். அப்புறம் ஒரு பேண்டிடமும் கற்றேன், ஆர்.ஈ.எம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் 1980-ல் தொடங்கி 2011-ல் கலைந்த பேண்ட். பீட்டர் பக் கிட்டார், மைக் மில்ஸ் பாஸ், பில் பெர்ரி டிரம்ஸ், மைக்கேல் ஸ்டைப் பாட்டு. அவர்கள் பாட்டு உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, வேலை செய்த முறை புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவ்வளவு பொருந்தும். முதல் மூன்று பேரும் சொல்லே இல்லாமல் இசையை மட்டும் போட்டு கேசட்டில் கொடுப்பார்கள். ஸ்டைப் அதைக் கேட்டு, தன்னை இழுப்பதை எடுத்துக்கொண்டு, அதன் மேல் பாடும் மெட்டையும் வரிகளையும் போடுவார். நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிற வழக்கத்துக்குப் பக்கத்து வீடு மாதிரியான முறை. என்ன, இங்கே மெட்டும் பாடுகிறவர் பொறுப்பு.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பங்கு பேசுங்கள்

கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள். "பாட்டு ஹிட் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஹிட் ஆன பிறகு பேசினால் அதற்குப் பேர் பஞ்சாயத்து.

ஆர்.ஈ.எம். செய்தது எளிது. யார் எதைக் கொண்டுவந்தாலும் பாட்டு நாலு பேர் பெயரிலும் சமமாகப் போகும். கூடவே நாலு பேருக்கும் வீட்டோ உண்டு, ஒருவர் வேண்டாம் என்றால் அந்த விஷயம் நடக்காது. குவீன் பேண்ட் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. பல வருடம் யார் எழுதினாரோ அவர் பெயரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள், 1989-ல் வந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் பேண்டின் பெயரிலேயே போட்டார்கள்.

சமப் பங்கு நியாயமா என்று கேட்டால், எப்போதும் நியாயம் இல்லை. ஒருத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதற்கும் இன்னொருத்தர் நாலு சுரத்தில் ஒரு பாஸ் லைன் போட்டதற்கும் ஒரே பங்கா என்று வயிறு எரியும். ஆனால் அதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. தன் பகுதியைப் பாட்டில் எப்படியாவது நுழைக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வராது. "இங்க நான் வாசிக்காம இருந்தாதான் நல்லா இருக்கு" என்று ஒரு கிட்டாரிஸ்ட் வாயிலிருந்து வர வேண்டுமென்றால், வாசிக்காவிட்டாலும் பங்கு குறையாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குச் சமப் பங்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு கணக்கு வையுங்கள், அது உங்கள் பாடு. எதுவானாலும் வாட்ஸ்அப் குரூப்பிலாவது எழுதி வைத்துவிடுங்கள்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுங்கள்

பீட்டர் பக் புதிதாக ஒரு மேண்டலின் வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தார். மேண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார், இது அந்தக் கதை இல்லை, இவர் சுத்தக் கற்றுக்குட்டி. டிவியைப் பார்த்துக்கொண்டே எதையோ நிரடியிருக்கிறார், டேப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் போட்டுக் கேட்டால் தட்டுத் தடுமாறிப் பழகுகிற சத்தம் நிறைய, நடுவில் ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வாசிக்கிற சின்னத் துணுக்கு. 1991-ல் உலகம் முழுக்க ஓடிய 'லூசிங் மை ரிலிஜியன்' அந்த ரிஃப்தான். டேப் ஓடியிருக்காவிட்டால் அது காற்றோடு போயிருக்கும்.

நம் எல்லோர் பாக்கெட்டிலும் ரெக்கார்டர் இருக்கிறது. ஜாம், அதாவது எல்லோரும் சேர்ந்து மனம்போல் வாசிப்பது, தொடங்கும்போது ஒரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, டிரம்ஸிலிருந்து தள்ளி, பாடுகிறவர் பக்கமாக வையுங்கள். ஆம்ப்புக்கு நேராக வைத்தால் கிட்டாரைத் தவிர ஒன்றும் கேட்காது. முடிந்ததும் ஃபைலுக்கு அன்றைக்கே பெயர் வையுங்கள். எங்கள் வழக்கம் தேதி, ஒரு செல்லப் பெயர், ஸ்கேல், டெம்போ (வேகம்). "0612 பஸ் ஸ்டாண்டு மெட்டு, ஏ மைனர், 92" என்று. இது தேவையில்லாத வேலை மாதிரி தெரியும். நாங்கள் முதல் ஒரு வருடம் "நியூ ரெக்கார்டிங் 47" என்றே சேர்த்துவிட்டு, ஒரு நல்ல பல்லவியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தோம். கிடைக்கவில்லை. எனக்கு அதன் இரண்டாவது கார்டு மட்டும் இன்னும் நினைவிருக்கிறது, அது வேறு எரிச்சல்.

ஜாம் செய்யும்போது

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு கார்டு வரிசையையோ ரிஃப்பையோ எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் அதையே சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் போரடிக்கும், போரடித்த பிறகுதான் யாராவது எதையாவது மாற்றுவார்கள், நமக்கு வேண்டியது அந்த மாற்றம். மெட்ரோனோமோ டிரம் லூப்போ ஓடட்டும்.

மாட்டிக்கொண்டால் வாத்தியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 1980-களின் கடைசியில் ஆர்.ஈ.எம். இதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். டிரம்மர் பாஸ் எடுப்பார், பாஸ்காரர் கீபோர்டுக்குப் போவார், கிட்டாரிஸ்ட் மேண்டலினை மாட்டிக்கொள்வார். பழகிய வாத்தியத்தில் விரல் பழகிய இடத்துக்கே ஓடும். தெரியாத வாத்தியத்தில் நாலு சுரம்தான் வாசிக்க வரும், அந்த நாலில் ஒன்று கேட்காத இடத்தில் போய் உட்காரும்.

பல்லவியா, கோரஸா

ஆங்கில ராக் கேட்டு வளர்ந்தவர்கள் வெர்ஸ், கோரஸ் என்று யோசிப்பார்கள். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்குப் பல்லவி, சரணம். பெயர் மட்டும்தான் வேறு என்று நினைத்தால் தப்பு. வெர்ஸ் மெதுவாக ஏறி ஏறிக் கோரஸுக்குப் போய்ச் சேரும், உச்சம் பின்னால் இருக்கும். பல்லவி முதலிலேயே வந்து நிற்கும், சரணம் அதைவிட்டு வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி அதன் மடியில் வந்து விழும். ஆகவே கோரஸ் மாதிரி எழுதிய ஒன்றைத் தூக்கிப் பாட்டின் முதலில் வைத்தால், எங்கிருந்து ஏறி வந்தோம் என்றே தெரியாமல் சத்தமாக மட்டும் இருக்கும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தமிழ்க் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கும் முதல் பாட்டு என்றால் பல்லவி பக்கம் சாய்வேன். கூட்டம் முதல் அரை நிமிடத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டுமே கட்டாயம் இல்லை என்பதும் உண்மை. மேலே சொன்ன மேண்டலின் பாட்டில் வழக்கமான கோரஸே கிடையாது, ரிஃப்தான் திரும்பத் திரும்ப வந்து அந்த வேலையைப் பார்க்கிறது. முதல் பாட்டிலேயே அப்படிச் செய்ய வேண்டாம்.

தத்தகாரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

தமிழில் பாடும் புது பேண்டுகள் தடுக்கி விழுவதை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இசை நன்றாக இருக்கும், வரிகளைத் தனியாகப் படித்தால் அவையும் நன்றாக இருக்கும், பாடும்போது மட்டும் டப்பிங் பாட்டு மாதிரி கேட்கும். காரணம், மெட்டு பிறக்கும்போதே வேற்று மொழியில் பிறந்திருக்கும். நம்மில் பலர் மைக் முன்னால் நின்றதும் "ஓ யூ... ஐ வான்னா..." என்று அர்த்தமில்லாத ஆங்கிலத்தில்தான் முனகுகிறோம். அதில் வரும் மெட்டு ஆங்கிலச் சொற்களின் அளவுக்கு வெட்டிய துணி. சின்னச் சின்னச் சொல், அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் நீளம். அதில் "போய்க்கொண்டிருக்கிறேன்" என்று தமிழைத் திணித்தால் தையல் பிரியத்தான் செய்யும்.

முனகுவது தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பால் மெக்கார்ட்னி 1965-ல் வெளியான 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு, சொல் கிடைக்காமல் ரொம்ப நாள் "ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்" என்று பாடிக்கொண்டிருந்தார். அதாவது முட்டைப் பொடிமாஸ். மூன்று அசைக்கு மூன்று அசை, அர்த்தம் அப்புறம். நாம் அதைத் தமிழிலேயே செய்வோம் என்கிறேன், நம்மிடம்தான் தானா தன்னா என்ற தத்தகாரம் இருக்கிறதே. லூப்பைப் போட்டுவிட்டு, பாடுகிறவர் பத்து நிமிடம் "தன்னான தானா" என்று மனம்போல் பாடட்டும், ரெக்கார்ட் ஓடட்டும். அப்புறம் கேட்டு, எந்த இடத்தில் "தன", எந்த இடத்தில் "தானா", எந்த இடத்தில் "தன்ன" என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு எழுத வேண்டிய கட்டம் போட்ட நோட்டு இதுதான்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெட்டு தானா தானா தானா, ஒவ்வொரு எழுத்தும் முழு ஒரு தட்டு நீளம், மெதுவான பாட்டு. எங்கள் பாடகர் எழுதி வந்த வரி "மழை வரும் நேரம்". தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாடினால் "மாழை வாரும் நேரம்". நாங்கள் அரை மணி நேரமாக இதைச் சுற்றிக்கொண்டிருக்க, காபி கொண்டுவந்த அவர் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாருக்குடா தலை வாரணும்?" என்றார். அன்றைக்கு ரிகர்சல் அதோடு முடிந்தது.

தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். மனம் மானம் ஆகும், படம் பாடம் ஆகும், விடு வீடு ஆகும். ஸ்கூலில் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்த தேமா, புளிமா இங்கே உதவிக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தானா என்பது தேமா, நேர் நேர், நெடில் ஒவ்வொன்றும் தனித்தனி அசை. "மழை" என்பது ஒரே ஒரு நிரை, குறில் அடுத்த எழுத்தோடு ஒட்டி ஒரே அசையாகிவிடும், "வரும்" இன்னொரு நிரை. இரண்டு தட்டு நேர் நேராகப் போகும் இடத்தில் நிரையை வைத்தால் அது இழுபடத்தான் செய்யும்.

இப்படி மாட்டிக்கொண்டால் மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சொல்லை மாற்றுவது. "மாலை நேரத் தூறல்" என்றால் மூன்றும் தேமா, மெட்டில் கச்சிதமாக உட்காரும். நாங்கள் கடைசியில் இதைத்தான் வைத்தோம்.

இரண்டு, மெட்டை மாற்றுவது. "மழை வரும்" என்ற சொல்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் முதல் சுரத்தைச் சட்டென்று தொட்டு இரண்டாவதை நீட்டுங்கள். "ழை"யை எவ்வளவு இழுத்தாலும் மழை மழையாகவே இருக்கும், "ம"வை இழுத்தால்தான் வம்பு. மெட்டு போட்டவரும் எழுதுகிறவரும் ஒரே பேண்டில் பக்கத்தில் இருக்கிறீர்கள், சினிமாவில் எல்லோருக்கும் இந்த வசதி கிடைக்காது. அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது எனக்குப் பிடித்த வழி. குறிலுக்குப் பின்னால் ஒரு மெல்லினமோ இடையினமோ ஒற்றாக வரும் சொல்லைத் தேடுவது. கண், மின்னல், அந்தி, தென்றல், நெஞ்சம். இவற்றில் உயிரை நீட்ட வேண்டாம், "மின்ன்ன்..." என்று ஒற்றில் முனகிக்கொண்டே நிற்கலாம், சொல்லும் கெடாது, சுரமும் நிற்கும். வல்லின ஒற்று இதற்கு நேர் எதிர். கட்டு, தட்டு, முட்டு என்றால் மூச்சு அங்கே அடைபடும், இழுக்கவே முடியாது. ஆனால் ஸ்னேர் விழும் இடத்தில் அதை வைத்துப் பாருங்கள், டிரம்மர் உங்களைக் கட்டிப்பிடிப்பார்.

வரியின் கடைசிச் சுரம் நீண்டு நிற்கிறது என்றால் ஆ, ஏ, ஓ-வில் முடியும் சொல்லாகப் பாருங்கள். வா, போ, நீயே, நிலாவே. சினிமாப் பாட்டில் எல்லோரும் ஏன் நிலாவையும் பூவையும் "ஏ" போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்குப் பாதி காரணம் தொண்டை. "பாட்டு" என்று முடித்து நீட்டினால் "பாட்டூ" ஆகிவிடும்.

வரிகள்

எங்கள் பாடகரின் முதல் நோட்டில் எல்லா வரியும் கிறேன், கிறேன் என்று முடியும். ஆங்கிலப் பாட்டில் வரி முடிவில் ஒத்த ஓசை கிடைப்பதற்கு உழைக்க வேண்டும். தமிழில் வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாலே இயைபு இலவசமாகக் கிடைத்துவிடும், இலவசம் என்பதால் கேட்பவருக்கும் அதில் ஒரு சுகமும் இருக்காது. நம் காது எதுகைக்குப் பழகியது. காற்று, நேற்று, கீற்று என்று இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால், வரி தொடங்கும் இடத்திலேயே ஒரு கொக்கி விழும். எல்லா வரியிலும் வேண்டாம், பல்லவியின் முதல் இரண்டு வரியில் இருந்தாலே போதும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற சண்டை எங்களுக்குள்ளும் வந்தது. எனக்கு, பேச்சுத் தமிழ் பேண்டுக்குச் சுலபம். "போகிறேன்" நாலு எழுத்தில் வழிந்து போகும் இடத்தில் "போறேன்" மூன்றில் அடங்கும். ஆனால் உங்கள் வாயில் உண்மையாக வரும் பேச்சாக இருக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் மெட்ராஸ் பாஷையில் கானா மாதிரி எழுதினால், முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கழிப்பது

வரியும் மெட்டும் சேர்ந்தாயிற்று. இப்போது நாலு பேரும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு தடவை முழுப் பாட்டையும் ஒவ்வொருவர் இல்லாமலும் வாசித்துப் பாருங்கள். முதல் சரணத்தில் கிட்டார் இல்லாமல், அப்புறம் பாஸ் இல்லாமல். எந்த இடத்தில் யார் இல்லாததை யாருமே கவனிக்கவில்லையோ, அங்கே அவருக்கு ஓய்வு. ஆர்.ஈ.எம்.மின் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவர் டிரம்மர் பில் பெர்ரி. அந்தப் பாட்டில் கேட்கும் தாளம் ஒரு டிரம் மெஷின். தான் எழுதிய பாட்டில் தன் வாத்தியத்துக்கே வேலை இல்லை. முதலில் பங்கு பேசச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேலும் மேடையும்

ரிகர்சலில் உட்கார்ந்து பாடும்போது எட்டும் சுரம், மேடையில் ஏழு பாட்டு பாடிய பிறகு எட்டாது. பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை, களைத்த தொண்டையில் பாட வைத்துப் பார்த்து ஸ்கேலை முடிவு செய்யுங்கள். அரைப்படி இறக்க வேண்டி வந்தால் எல்லாக் கம்பியையும் அரைப்படி தளர்த்திக்கொள்ளலாம், கிட்டாரிஸ்ட் முனகுவார், முனகட்டும். டெம்போ மேடையில் தானாக ஏறும், அதனால் ஃபைல் பெயரில் எழுதி வைத்த எண்ணை டிரம்மர் பார்த்துவிட்டுத்தான் ஸ்டிக்கைத் தட்ட வேண்டும். ஸ்டுடியோவுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் இரண்டு மேடையிலாவது வாசித்துவிடுங்கள். ஆட்கள் போனை எடுக்கும் இடம் எது என்று பாஸ் வாசிப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள், பேண்டில் அவருக்குத்தான் கண் காலியாக இருக்கும்.

அப்லோட் பண்ணும் முன்

இந்தியாவில் 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி சொத்து இருக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவு செய்த ஒலி மூன்றாவது. இசைப் படைப்பு என்பதில் சொற்கள் சேராது என்று சட்டமே சொல்கிறது. நொட்டேஷன் எழுதத் தெரியாவிட்டாலும் மெட்டு போட்டவர் இசையமைப்பாளர்தான், அதையும் சட்டமே சொல்கிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், உரிமை படைத்தபோதே வந்துவிடும், பதிவு ஒரு சாட்சி மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவர் காலம் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் உண்டு. 2012-ல் வந்த திருத்தத்தால், உரிமையை ஒரு லேபிளுக்கு, அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு, எழுதிக் கொடுத்தாலும், எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் சேர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுக்கும்படி கையெழுத்து வாங்க முடியாது. ராயல்டி வசூலிக்க 1969-லிருந்து ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, எழுதியவரும் மெட்டு போட்டவரும் அதில் உறுப்பினராகலாம்.

ஆகவே அப்லோட் செய்வதற்கு முதல் நாள் குரூப்பில் ஒரு மெசேஜ். பாட்டின் பெயர், வரிகள் யார், இசை யார், பதிவு யாருடையது, யாருக்கு எவ்வளவு சதவீதம். தம்ஸ்-அப் எமோஜி போதாது. நாலு பேரும் "சரி" என்று டைப் செய்யட்டும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து 0612 ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.